கல்லில் உரித்த நார்

ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர். யார் வைத்தார்களோ, கச்சிதமான பெயர். கல்தான், ஆனால் நாராகப் பிரியும். நூற்கலாம், கயிறாக முறுக்கலாம், துணியாக நெய்யலாம், தீயில் போட்டால் எரியாது. ஆனால் நான் வளர்ந்த திருநெல்வேலித் தெருவில் யாரும் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. கூரையில் கிடந்தால் அது 'ஆஸ்பெட்டாஸ் சீட்டு'. கொதிநீராவிக் குழாயில் சுற்றியிருந்தால் 'வெள்ளக் கயிறு'. என் மாமா கடைசி வரை வெள்ளக் கயிறு என்றுதான் சொன்னார்.

மாமா காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தவர். வருஷத்துக்கு ஒருமுறை ஆலைகளில் பாய்லரை நிறுத்திப் பராமரிப்பு வேலை நடக்கும். 'ஷட்டவுன்' என்பார்கள். அப்போது ஆள் எடுப்பார்கள். குழாய்களின் மேல் உள்ள பழைய உறையைக் கொத்தி எடுக்க வேண்டும். புதுக் கயிற்றைச் சுற்ற வேண்டும். மேலே சாந்து மாதிரிக் குழைத்துப் பூச வேண்டும். வெறுங்கையால்தான் குழைப்பார்களாம். "கொத்தும்போது மாவு மில்லுல நின்ன மாதிரி இருக்கும் மருமவனே. எதுத்தாப்ல நிக்கவன் மூஞ்சி தெரியாது. சாயங்காலம் வெளிய வந்தா எல்லாவனும் கெழவன் மாதிரி இருப்போம், தலையெல்லாம் நரைச்சு." சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சிரிப்பின் பாதியில் இருமல் வந்துவிடும். அவர் சட்டையை அத்தை ஆற்றுக்குக் கொண்டுபோய், ஒரு உதறு உதறிவிட்டுத்தான் நனைப்பாள்.

முதலில் டி.பி. என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். சளியில் கிருமி இல்லை, மூச்சு மட்டும் சரியாகவில்லை. பிறகு ஆஸ்துமா என்றார்கள். ஒரு டாக்டர் "பீடி குடிப்பீங்களா?" என்று கேட்டார். குடிப்பார். அத்தோடு விசாரணை முடிந்தது. என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. மாமாவுக்கு வந்தது கல்நார் நோய்தான் என்று நானும் சத்தியம் செய்ய முடியாது. நிரூபிக்க ஒரு காகிதம் கிடையாது. நஷ்டஈடு கேட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "யார்ட்ட போய்க் கேக்க? கல்லுல நாரு உரிக்க கததான்," என்றார். தான் இருபது வருஷம் செய்ததே அந்த வேலைதான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை.

இது இலக்கியக் கட்டுரைதான். மாமாவின் கதையைச் சொல்ல எனக்கு வேறு காரணம் இருக்கிறது. படிக்க ஆரம்பித்த பிறகு நான் மாமாவைப் புத்தகங்களில் தேடினேன். அதிலும் திருநெல்வேலி எழுத்தில். தமிழ்ச் சிறுகதைக்குப் புதுமைப்பித்தனைக் கொடுத்த ஊர். வண்ணதாசன், வண்ணநிலவன், கலாப்ரியா என்று தெருத்தெருவாக எழுதிய ஊர். வளவு, தார்சா, வாசல் தெளிப்பு, படித்துறை, தேர், ஆனிமாத வெயில் எல்லாம் கிடைத்தன. இவர்களை நேசித்துத்தான் படித்தேன், இன்னும் படிக்கிறேன். ஆனால் இதே பள்ளத்தாக்கில் 1880களிலேயே ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவித் தண்ணீரின் வேகத்தை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை கட்டினார்கள். தாழையூத்தில் 1949இல் சிமெண்ட் ஆலை ஓட ஆரம்பித்தது. ஆறு கடலில் சேரும் பக்கம், தூத்துக்குடியில், 1979இலிருந்து அனல்மின் நிலையம். அதாவது ஊற்றிலிருந்து முகத்துவாரம் வரை ஆற்றோடு கூடவே தூசியும் போகிறது. எங்கள் எழுத்தாளர்கள் ஆற்றைப் பார்த்த அளவுக்குத் தூசியைப் பார்க்கவில்லை.

பார்க்கவே இல்லை என்று சொன்னால் பொய். புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' 1934இல் வந்தது. அம்மாளு ஆலையில் கூலி வேலை செய்பவள். கதை நமக்குத் தெரியும்: அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்குப் பால் கஞ்சி வேண்டும், கையில் காசில்லை, அவள் சந்துக்குள் போகிறாள். கற்பு பற்றிய வாய்ச்சவடாலின் மீது விழுந்த அடி என்று தொண்ணூறு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். சரிதான். ஆனால் ஆலை அந்தக் கதையில் ஒரு முகவரி மட்டுமே. அவளுக்குக் காசு போதாது என்பதற்கான காரணம் அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். பகலெல்லாம் பஞ்சுத்தூசியில் நின்றவளின் நெஞ்சு எப்படி இருந்தது என்று கதை கேட்கவில்லை. அவள் உடம்பு சந்துக்குள் போகும்போதுதான் கதைக்குள் வருகிறது.

'துன்பக்கேணி'யில் புதுமைப்பித்தன் இன்னும் ஒரு படி போனார். வாசவன்பட்டி மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். வேலை செய்யும் இடம் அவள் உடம்பைச் சிதைக்கிறது. ஆனால் அங்கேயும் சிதைப்பவனுக்கு ஒரு முகம் இருக்கிறது. அதிகாரம் உள்ள ஒரு ஆண். வாசகன் கோபப்பட ஒரு ஆள் கிடைத்துவிடுகிறான். தூசிக்கு முகம் கிடையாது. பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' (1953) பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அம்பாசமுத்திரத்துக் கைத்தறி நெசவாளர்களின் நாவல். நூல் தட்டுப்பாடு, பதுக்கல், கடன், பட்டினி. மதுரைக்குப் போய்ச் சங்கம் என்றால் என்ன என்று கற்றுக்கொள்ளும் இளைஞன் மணி. சோஷலிச யதார்த்தவாதத்தின் வார்ப்பு மிகவும் தெரிகிறது என்று பிற்பாடு வந்த விமர்சகர்கள் சொன்னார்கள். எனக்கும் சில இடங்களில் அப்படித்தான் பட்டது. பாத்திரங்கள் திடீரென்று மேடையேறிவிடுகிறார்கள். ஆனால் இங்கே என் புகார் அது இல்லை. தலைப்பைப் பாருங்கள். பஞ்சு, பசி. இந்த நாவலில் பஞ்சு என்பது விலை, சரக்கு. அது இல்லாவிட்டால் பசி. பஞ்சு ஒருவனின் மூச்சுக்குழாய்க்குள் போகும் பொருளாகவும் இருக்கலாம் என்பது அந்தப் பார்வைக்குள் வரவில்லை. நெசவாளன் நூலைத் தொடுகிறான். பஞ்சை உடைத்துச் சிக்கெடுக்கும் கூடத்தில் நிற்பவன் வேறு ஆள், சில மைல் தள்ளி ஆலையில் இருப்பவன். நியாயமாகச் சொன்னால் ரகுநாதன் எழுத எடுத்துக்கொண்டது அவன் கதையை அல்ல. ஆனால் அந்த வேறு ஆளின் கதையை யாருமே எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் விஷயம்.

அந்த ஆளுக்கு வரும் நோய்க்கு மருத்துவத்தில் பிஸினோஸிஸ் என்று பெயர். அதன் விசித்திரம் ஒரு நாவலாசிரியனுக்குக் கிடைத்த புதையல். ஆரம்பத்தில் அது வாரம் முழுக்க வராது. லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள்தான் நெஞ்சு இறுக்கும். ஞாயிறு லீவென்றால் திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை சரியாகிவிடும். வருஷங்கள் போகப் போக செவ்வாய்க்கும் நீளும், புதனுக்கும் நீளும், கடைசியில் வாரம் முழுக்க மூச்சுத் திணறும். அப்புறம் வேலையை விட்டாலும் போகாது. யோசித்துப் பாருங்கள். ஓய்வெடுத்தால் வலிக்கிறது. வேலைக்குத் தொடர்ந்து போனால் வலி குறைகிற மாதிரி தெரிகிறது. 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வ.உ.சி.யோடு நின்று வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றில் வார விடுமுறையும் ஒன்று. அவர்கள் போராடிப் பெற்ற அந்த ஒரு நாளையே இந்த நோய் திங்கட்கிழமைக் காலையில் பழிவாங்கியிருக்கும். இதை யாரும் எழுதவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஏன் எழுதவில்லை? பட்டென்று ஒரு பதில் சொல்லலாம்: நம் எழுத்தாளர்கள் பெரும்பாலும் பேங்க், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம். ஆலைக்குள் போனவர்கள் இல்லை. இது பாதி உண்மை. மீதிப் பாதி கதையின் வடிவத்தில் இருக்கிறது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் அலுவலகத்துக்குப் போன ஊர்வலத்தில் போலீஸ் அடித்தது. தாமிரபரணியில் பதினேழு பேர் செத்தார்கள். ஆர்.ஆர். சீனிவாசன் அதை ஆவணப்படமாக்கினார். மாரி செல்வராஜின் முதல் சிறுகதைத் தொகுப்பின் பெயரே 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்'. ஒரு நாள், ஒரு இடம், எண்ணக்கூடிய உடல்கள். துயரத்துக்கு ஒரு தேதி இருந்தால் கலைக்கும் கைப்பிடி கிடைக்கிறது. கல்நாருக்குத் தேதி இல்லை. இன்று உள்ளே போகும் இழை இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துத்தான் பேசும். அதற்குள் காண்ட்ராக்டர் இருக்க மாட்டான், ஆலை கைமாறியிருக்கும், தொழிலாளி பேரன் எடுத்திருப்பான். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே ஒரு முழு வாழ்க்கை கிடக்கிறது. எந்தச் சிறுகதையும் இவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்காது.

ஆனால் வேறு ஒரு வடிவம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது: நீதிமன்ற வாக்குமூலம்.

கிளாரன்ஸ் போரெல் என்று டெக்சாஸில் ஒருவர். என் மாமா செய்த அதே வேலை, 1936இலிருந்து 1969 வரை. கல்நார் உறை விற்ற கம்பெனிகள் மீது வழக்குப் போட்டார். தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை, 1970இலேயே போய்விட்டார். 1973இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆபத்து தெரிந்தும் தொழிலாளியிடம் சொல்லாமல் விற்றவர்கள் பொறுப்பேற்க வேண்டும் என்றது. அதற்குப் பிறகு வந்த வழக்கு வெள்ளத்தில், அமெரிக்காவின் மிகப் பெரிய கல்நார்க் கம்பெனியான ஜான்ஸ் மான்வில் 1982இல் திவால் மனு கொடுத்தது. எனக்கு முக்கியம் வேறு ஒன்று. சாகுமுன் போரெல் கொடுத்த சாட்சியத்தில் ஒரு சின்ன விவரம் வருகிறது. சாயங்காலமானால் மூக்கிலிருந்து தூசியைக் கை கொள்ளாமல் சிந்துவாராம். தூசி தொண்டைக்கு இறங்காமல் இருக்க மூக்குக்குள் மெந்தால் தைலம் தடவிக்கொள்வாராம். இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டேன். என் மாமா விக்ஸ் தடவிக்கொண்டு போவார். உலகத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே அபத்தமான தற்காப்பைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒருவருடையது நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. மற்றவருடையது இதோ இந்தக் கட்டுரையில்தான் முதல்முறையாக எழுதப்படுகிறது.

நம்மூரில் இதை ஓரளவு செய்த நாவல் டி. செல்வராஜின் 'தோல்'. 2012இல் சாகித்ய அகாதெமி பரிசு வாங்கியது. செல்வராஜ் எங்கள் பக்கம், தென்கலத்துக்காரர். நாவல் திண்டுக்கல் தோல் ஷாப்புகளைப் பற்றியது. சுண்ணாம்புக் குழிக்குள் நிற்கும் கால், வெந்துபோகும் தோல், எத்தனை குளித்தாலும் போகாத வாடை. தமிழ் நாவலில் வேலை என்பது உடம்பின் மேல் எழுதும் எழுத்தை இவ்வளவு அருகில் வைத்துப் பார்த்தவை குறைவு. எப்படி முடிந்தது? அவர் திண்டுக்கல்லில் வக்கீல் தொழில் செய்தவர் என்பது தற்செயல் இல்லை என்பது என் ஊகம். வழக்குக் கட்டுகளோடு வாழ்ந்தவருக்குத் தொழிலாளியின் உடம்பு சாட்சியமாகத் தெரியும். நாவலின் பின்பகுதியில் சங்கம் வென்று, தலைவர்கள் பெரிதாகி, உடம்பு மறுபடி பின்னால் போய்விடுகிறது. அது எனக்கு ஏமாற்றம்தான். இன்னொன்றும் உண்டு: சுண்ணாம்பு கண்ணுக்குத் தெரியும், தோல் உடனே வெந்துபோகும். நுரையீரலுக்குள் நடப்பதை அவரும் தொடவில்லை.

இப்போது காஃப்கா. நம் இணையத் தலைமுறையில் காஃப்கா படம் போட்ட டீஷர்ட் இல்லாத ஆள் குறைவு. அவர் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்தார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனம், 1908இலிருந்து. எந்திரத்தில் விரல் போனவர்களின் கோரிக்கைகள் அவர் மேஜைக்கு வரும். ஆபத்தான எந்திரங்களை மாற்றச் சொல்லி அறிக்கைகள் எழுதினார். பலருக்குத் தெரியாதது: அதே காஃப்கா ஒரு கல்நார்த் தொழிற்சாலையின் பங்குதாரர். குடும்ப முதலீடு. தங்கையின் கணவரோடு சேர்ந்து 1911இல் ஆரம்பித்தது, 1917இல் மூடியது. ஃபாக்டரியைப் போய்ப் பார்த்துக்கொள் என்று வீட்டில் நெருக்கினார்கள். 1912 அக்டோபரில் அந்த நெருக்கடி தாங்காமல் செத்துவிடலாமா என்று மாக்ஸ் பிராடுக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் போனது.

அவர் டைரியில், 1912 பிப்ரவரியில், அங்கே வேலை செய்த பெண்களைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது. வேலை நேரத்தில் அவர்களை யாரும் மனுஷியாகவே நடத்துவதில்லை, வணக்கம் சொல்வதில்லை, இடித்தால் மன்னிப்புக் கேட்பதில்லை. ஆறு மணி அடித்ததும் தலைத்துணியை அவிழ்க்கிறார்கள். ஒரே ஒரு பிரஷ் கைக்குக் கை மாறுகிறது, அவசரமாக, தூசியைத் தட்ட. அப்புறம்தான் அவர்கள் பெண்களாகிறார்கள். இதைவிடத் துல்லியமாக ஒரு ஆலையின் சாயங்காலத்தை யாராவது பார்த்திருக்கிறார்களா தெரியவில்லை. ஆனால் கவனியுங்கள்: பார்த்தவன் முதலாளி. பகலில் விபத்து நஷ்டஈடு எழுதும் கை, மாலையில் கல்நார்த் தூசி கிளப்பும் ஆலையின் கணக்கைப் பார்க்கிறது. அவருக்கு அந்தத் தூசி அழுக்கு. நோய் என்று தெரியாது.

1924 மார்ச்சில் இங்கிலாந்தின் ராச்டேலில் நெல்லி கெர்ஷா என்ற கல்நார் நூற்பாலைப் பெண் செத்தாள். வயது 33. சிறுமியாக வேலைக்குப் போனவள். டாக்டர் குக் அவள் நுரையீரலை அறுத்துப் பார்த்து, இந்த இழைகள்தான் காரணம் என்று அதே வருஷம் மருத்துவ இதழில் எழுதினார். கம்பெனி பொறுப்பேற்கவில்லை, ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்ற பயம். மூன்று மாதம் கழித்து, அதே 1924 ஜூனில், காஃப்கா தொண்டைக் காசநோயில் செத்தார். இரண்டு பேரும் மூச்சு முட்டித்தான் போனார்கள் என்று முடிச்சுப் போட ஆசை வருகிறது. போட மாட்டேன். ஒருவர் பங்குதாரர், இன்னொருத்தி கூலி. ஆனால் காஃப்காவின் கதைகளில் வரும் அந்தச் சூழல் எனக்கு இப்போது வேறு மாதிரி படிக்கக் கிடைக்கிறது. குற்றம் என்ன என்று சொல்லாத நீதிமன்றம், போய்ச் சேர முடியாத அலுவலகம்: இதையெல்லாம் தத்துவம் என்று படித்தோம். நஷ்டஈட்டு மனுவோடு அலைந்தவர்களுக்கு அது நேரடி வர்ணனை.

நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றையும் இலக்கியப் பிரதி மாதிரிப் படிக்கலாம். அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் 1986இல் போட்ட வழக்கு; தீர்ப்பு வந்தது 1995 ஜனவரி 27. கல்நார்த் தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டம் தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று அது சொன்னது. நோய் உறுதியானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. என்னை உலுக்கியது அந்தத் தொகை அல்ல, ஒரு நிர்வாக உத்தரவு: ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாற்பது வருஷம், அல்லது வேலையிலிருந்து நின்ற பின் பதினைந்து வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். நாற்பது வருஷம் ஒரு மனிதனின் மூச்சை எழுதிக்கொண்டே போவது. சிறுகதை பிடிக்க முடியாத அந்தக் கால நீளத்தை ஒரு பதிவேடு பிடிக்கும் என்று நீதிமன்றம் நம்பியிருக்கிறது. நாவல் என்று இதைத்தானே சொல்கிறோம்.

ஆனால் அந்த நாவலில் பாத்திரமாக முதலில் மஸ்டர் ரோலில் பெயர் இருக்க வேண்டும். ஷட்டவுனுக்கு மட்டும் வரும் காண்ட்ராக்ட் ஆளின் பெயர் காண்ட்ராக்டரின் பாக்கெட் நோட்டில் இருக்கும். அதுவும் சம்பளம் கொடுத்த பிறகு கிழிக்கப்படும். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் பிஸினோஸிஸும் இருந்தது, ஆஸ்பெஸ்டோஸிஸும் இருந்தது. இந்த நோய்களைப் பார்க்கும் மருத்துவர் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியிருந்தது. தவறினால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று அந்தச் சட்டம் எழுதியது. மாமாவைப் பார்த்தவர்கள் ஆஸ்துமா என்று எழுதியதால் அந்த ஆயிரம் ரூபாய்க்கும் வேலையில்லை. 2014இல் அனல்மின் நிலையத் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றிய பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் அந்தந்த மாநில உயர் நீதிமன்றங்கள் பார்க்கட்டும் என்று அனுப்பியது. கல்நாரை அறவே தடை செய்யக் கேட்ட இன்னொரு மனு 2011இலேயே தள்ளுபடியாகிவிட்டது. இங்கே தோண்டி எடுப்பது நின்றுபோனாலும், வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

"இலக்கியம் என்ன சுகாதாரத் துறையா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. வண்ணதாசனிடம் போய் ஏன் நீங்கள் பாய்லரைப் பற்றி எழுதவில்லை என்று கேட்பது முட்டாள்தனம். அவர் எழுதியது அவர் பார்த்தது. நான் கேட்பது வாசகர்களான நம்மைப் பற்றி. தாமிரபரணி என்றதும் நமக்குப் படித்துறை மட்டும் ஞாபகம் வரும்படி ஒரு ரசனையை வளர்த்துக்கொண்டுவிட்டோம். ஆற்றில் துணி துவைக்கும் பெண் வந்தால் அது அழகு, ஞாபகம், ஊர். அவள் என்ன துணியை உதறுகிறாள் என்று நாம் கேட்டதில்லை. கல்நார்த் தொழிலாளியின் சட்டையை வீட்டில் உதறித் துவைத்த மனைவிகளுக்கும் அந்த நோய் வந்தது வேறு நாடுகளில் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. வேலைக்கே போகாதவர்கள்.

மாமாவை வைத்து ஒரு சிறுகதை எழுத இரண்டு முறை முயன்றேன். முதல்முறை சாவில் ஆரம்பித்தேன், ஒப்பாரியாகிவிட்டது. இரண்டாவது முறை காண்ட்ராக்டரை வில்லனாக்கினேன். அந்த ஆளும் அதே தூசியில் நின்று, மாமாவுக்கு முன்னாலேயே போனவர் என்பது ஞாபகம் வந்தது, கதை விழுந்துவிட்டது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அத்தையிடம், மாமா வேலைக்குப் போன இடங்கள், வருஷங்கள், கூட வேலை பார்த்தவர்கள் பெயர் என்று கேட்டு எழுத ஆரம்பித்திருக்கிறேன். அவளுக்கு வருஷம் தெரியவில்லை. "நீ ரெண்டாங் கிளாஸ் படிக்கையில" "பெரியவ சடங்குக்கு முந்துன வருசம்" என்று சொல்கிறாள். நான் அதைக் கணக்குப் போட்டு வருஷமாக்குகிறேன். இதுவரை பதினொரு ஷட்டவுன் தேறியிருக்கிறது. நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். எப்போதிலிருந்து இந்த இருமல் என்று கேட்டேன். "இதா? இது சும்மா, பனிக்கு," என்றாள்.